ஒரே பெயர், வேறு ஆள்: சேலத்து வரலாற்றில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க முழுமையான வழிகாட்டி

பள்ளி ஆண்டு மலர், ஊர் வரலாற்றுச் சிறுநூல், கும்பாபிஷேக மலர், வாட்ஸ்அப்பில் சுற்றும் 'நம்ம சேலம்' பதிவு என்று எதை எடுத்தாலும் ஒரு பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஒருவர் செய்த காரியத்தை அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். சேலம் ராமசாமி முதலியாருக்கு ஐ.நா. சபையில் பதவி கிடைத்துவிடுகிறது. ராஜாஜி திருவிதாங்கூர் திவான் ஆகிவிடுகிறார். படிக்கிற பிள்ளை அதை அப்படியே கட்டுரைப் போட்டிக்கு எழுதிக் கொடுக்கும். அடுத்த வருஷத்து மலர் அதிலிருந்து எடுத்துப் போடும். உழைத்தவருக்குச் சேரவேண்டிய பெயர் அவருக்குச் சேராமல் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இதற்கு அடிப்படை விதி ஒன்றுதான். பெயர் பொருந்தினால் போதாது; காலம், ஊர், தொழில் மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றில் ஒன்று முரண்பட்டாலும் எழுதுவதை நிறுத்திவிட்டு மறுபடி தேட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதியைக் கையாளும் முறைகள்தான்.

படி 1: இனிஷியலை விரித்து எழுதுங்கள்

ஒரு முழுத்தாளை எடுத்து, தேடுகிற பெயரை மேலே எழுதுங்கள். அதற்குக் கீழே இனிஷியலின் விரிவு. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

இனிஷியல் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்று என்று ஆகிவிடாது. டி.ஆர். மகாலிங்கம் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர் நடிகரும் பாடகருமான தென்கரை மகாலிங்கம். கர்நாடக இசை கேட்பவர்களிடம் அதே பெயரைச் சொன்னால் 'மாலி' என்று கொண்டாடப்பட்ட புல்லாங்குழல் மேதையை நினைப்பார்கள். அவர் திருவிடைமருதூர்க்காரர். 'டி' என்ற எழுத்து ஒருவருக்குத் தென்கரை, மற்றவருக்குத் திருவிடைமருதூர். இருவரும் ஒரே தலைமுறை, இருவருக்கும் துறை இசை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தை நடத்திய டி.ஆர். சுந்தரத்துக்கு அந்த 'டி' திருச்செங்கோடு. சேலத்துப் படக்கலை பற்றி எழுதுகிறவர்கள் இந்த 'டி.ஆர்.'களை விரித்து எழுதினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

குடும்பத்துக்குள் இது இன்னும் சிக்கல். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். தாத்தா சு. ராமசாமி, மகன் ரா. சுப்பிரமணி, பேரன் மறுபடி சு. ராமசாமி. இனிஷியல், பெயர், ஊர், பல சமயம் தொழில்கூட ஒன்று. பழைய பத்திரத்திலோ கோயில் நன்கொடைப் பலகையிலோ இந்தப் பெயரைப் பார்த்தால் ஆண்டைத் தவிர வேறு துணை கிடையாது.

எழுத்து வடிவங்களையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: ராமசாமி, இராமசாமி, ராமஸ்வாமி, ஆச்சாரி, ஆச்சாரியார், ஆச்சார்யா. ஒரே ஆளைப் பழைய நூல்கள் வெவ்வேறு வடிவத்தில் எழுதியிருக்கும். எல்லா வடிவத்திலும் தேடிப் பார்த்த பிறகுதான் 'கிடைக்கவில்லை' என்று சொல்லலாம்.

படி 2: வாழ்நாள் கோடு போடுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இதுதான். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டில் தொடங்கி மறைந்த ஆண்டில் முடியும் ஒரு கோடு. அதற்குக் கீழே அவர் செய்ததாகச் சொல்லப்படும் காரியங்கள். ராமசாமி முதலியாரை வைத்தே செய்து பார்ப்போம்.

அந்தப் பெயரில் பொதுவாழ்வில் புகழ் பெற்றவர்கள் குறைந்தது மூவர். ராஜா சர் சவலை ராமசாமி முதலியார், 1840 முதல் 1911 வரை வாழ்ந்தவர், சென்னை வணிகர், கொடையாளர். சேலம் ராமசாமி முதலியார், 1852-இல் பிறந்து 1892-இல் நாற்பது வயதில் மறைந்தவர், முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை நீதிபதியாக, இருந்து வக்கீல் ஆனவர். சர் ஆற்காடு ராமசாமி முதலியார், 1887-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர், நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர், மைசூரின் கடைசித் திவான்.

இப்போது காரியங்களை ஒவ்வொன்றாகக் கோட்டுக்குக் கீழே வையுங்கள்.

'1880-இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த ராமசாமி முதலியார்.' அப்போது ஆற்காட்டார் பிறக்கவே இல்லை. சவலையார் சென்னை வணிகர், முன்சீப் வேலை பார்த்தவர் அல்ல. ஆக, இவர் சேலத்தார்தான். தமிழுக்கு இவர் செய்த உதவி சின்னதல்ல. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த இளம் உ.வே. சாமிநாதையர் இவரைப் பார்க்கப் போனார். தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதுவரை அந்தச் சுவடியைக்கூடப் பார்த்ததில்லை. பிறகு பிரதியைத் தேடிக் கொடுத்து, ஐயரிடமே பாடம் கேட்கத் தொடங்கியதும் முதலியார்தான். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. சங்க நூல்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வர அந்தச் சந்திப்பே தொடக்கம். சேலம் என்ற அடைமொழி தாங்கிய ஒருவருக்கு இப்படி ஒரு பங்கு இருக்க, அதை வேறொரு ராமசாமி முதலியார் பெயரில் எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

'1885-இல் இந்தியாவின் குறைகளைச் சொல்ல இங்கிலாந்து சென்ற ராமசாமி முதலியார்.' மன்மோகன் கோஷ், சந்தாவர்க்கர் ஆகியோருடன் சென்ற இவரும் சேலத்தாரே.

'சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள சத்திரத்தைக் கட்டியவர்.' சவலையார். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று நாம் சொல்லும் மகப்பேறு மருத்துவமனையின் விரிவில் இருக்கும் 'ராஜா சர்' இவரேதான்.

'1945-இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், 1946-இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர்.' சேலத்தார் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. இது ஆற்காட்டார்.

நான்கு செய்திகள், மூன்று பேர். கோடு போட்ட பிறகு குழப்பத்துக்கே இடமில்லை பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உண்டு. 'நீதிக்கட்சி ராமசாமி' என்று மட்டும் ஒரு குறிப்பு இருந்தால் அது ஆற்காட்டாராகவும் இருக்கலாம், 1938-இல் அக்கட்சிக்குத் தலைவரான பெரியார் ஈ.வெ. ராமசாமியாகவும் இருக்கலாம். 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் கட்சி 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறியதைப் பற்றிய குறிப்பு என்றால் அது பெரியார். கட்சிப் பெயர் மட்டும் ஆளை அடையாளம் காட்டாது.

தமிழ் ஆண்டுப் பெயர் வந்தாலும் எச்சரிக்கை தேவை. 'பிரபவ வருஷம்' என்று ஒரு சுவடியிலோ குடும்பக் குறிப்பிலோ இருந்தால் அது 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ? அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருகிறது. கூடவே இருக்கும் காசு, கலெக்டர் பெயர், ரயில் பற்றிய பேச்சு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துத்தான் சுற்றைத் தீர்மானிக்க வேண்டும்.

படி 3: பதவியையும் பட்டத்தையும் தனியாகப் பிரித்து எழுதுங்கள்

சேலம் தந்த இரு பெரும் தலைவர்கள் சி. விஜயராகவாச்சாரியாரும் சி. ராஜகோபாலாச்சாரியாரும். முன்னவர் 1852-இல் செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்தகளத்தூரில் பிறந்து, சேலத்தில் வக்கீலாகி, 1882 சேலம் கலவர வழக்கில் தண்டனை பெற்று மேல்முறையீட்டில் விடுதலையானவர். பின்னவர் 1878-இல் தொரப்பள்ளியில் பிறந்து, 1900 வாக்கில் சேலத்தில் தொழில் தொடங்கி, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர். இருவருக்கும் இனிஷியல் 'சி', இருவரும் வக்கீல், இருவரும் காங்கிரஸ். இவர்கள் இருவருக்கும் இடையிலேயே குழப்பம் வருகிறது.

பலரும் கவனிக்காத இன்னொன்று: இவர்கள் இருவருக்குமே பெயர் ஒத்த ஆளுக்கொரு கொச்சித் திவான் இருக்கிறார். பி. ராஜகோபாலாச்சாரி 1896 முதல் 1901 வரை கொச்சித் திவான். பிறகு 1914 வரை திருவிதாங்கூர் திவான். டி. விஜயராகவாச்சார்யா 1919 முதல் 1922 வரை கொச்சித் திவான்.

இங்கே ஆண்டு மட்டும் நமக்கு உதவாது. 1920-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டிசம்பரில் சேலத்து விஜயராகவாச்சாரியார் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்குகிறார். அதே சமயம் இன்னொருவர் கொச்சியில் திவான் நாற்காலியில் இருக்கிறார். அதே ஆண்டில் பி. ராஜகோபாலாச்சாரி சென்னைச் சட்டசபையின் முதல் தலைவர் ஆகிறார். நம் ராஜாஜியோ ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, அந்தச் சட்டசபையையே புறக்கணிக்கச் சொல்கிறார். பெயரை மட்டும் பார்த்து எழுதினால் நேர் எதிர்த் திசையில் நின்ற இருவரை ஒருவராக்கிவிடுவோம்.

பட்டம் இங்கே நல்ல துணை. திவான்கள் இருவரும் 'சர்' பட்டம் பெற்றவர்கள். சேலத்துத் தலைவர்கள் இருவருக்கும் அது கிடையாது. ராஜாஜி பெற்றது 1954-இல் பாரத ரத்னா. ஆகவே 'சர் ராஜகோபாலாச்சாரி' என்று எங்கே பார்த்தாலும் அது ராஜாஜி அல்ல என்று உடனே ஒதுக்கலாம்.

குமாரமங்கலம் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது பதவியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். 1920-இல் முதல் முதலமைச்சரான கடலூர் சுப்பராயலு ரெட்டியாரோடு இவரைக் குழப்புவதும் உண்டு. அடுத்த தலைமுறைகளில் செய்தித்தாள்கள் வெறும் 'குமாரமங்கலம்' என்றே எழுதின. தரைப்படைத் தளபதி என்றால் மகன் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். 1970-களின் தொடக்கத்தில் மத்திய உருக்குத் துறை அமைச்சர் என்றால் இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம். 1998-க்குப் பிறகு மின்துறை அமைச்சர், அதற்கு முன் சேலம் மக்களவை உறுப்பினர் என்றால் மோகனின் மகன் ரங்கராஜன். தந்தையும் மகனும் வக்கீல், இருவரும் மத்திய அமைச்சர். பழைய செய்தியை வெட்டி ஒட்டும்போது துறையைப் பார்க்காமல் பெயரை எழுதாதீர்கள்.

படி 4: அன்றைய எல்லையில் ஊரைப் பாருங்கள்

'சேலம் மாவட்டத்துக்காரர்' என்று 1930-இல் எழுதியதற்கு இன்றைய வரைபடத்தில் பொருள் வேறு. 1965-இல் தருமபுரி பிரிந்தது, 1997-இல் நாமக்கல், 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அன்று சேலம் மாவட்டம், இன்று கிருஷ்ணகிரி. சுப்பிரமணிய சிவா 1925-இல் மறைந்த பாப்பாரப்பட்டி இன்று தருமபுரி. ஒரு நூல் 'சேலம்' என்றும் மற்றொன்று 'தருமபுரி' என்றும் சொல்வதால் இரண்டு ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தாலுகா, கிராமம் வரை இறங்கிப் பாருங்கள்.

இணையத்தில் தேடும்போது அமெரிக்கச் சேலங்கள் குறுக்கே வரும். தமிழிலேயே தேடுங்கள், கூடவே ஓமலூர், ஆத்தூர், செவ்வாய்ப்பேட்டை என்று ஓர் உள்ளூர்ப் பெயரைச் சேருங்கள்.

படி 5: ஊரும் ஆண்டும் ஒன்றானால் தொழிலைப் பிடியுங்கள்

1885-இல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரஸில் சென்னை மாகாணத்திலிருந்து சுப்பிரமணிய ஐயர் கலந்துகொண்டார். எந்தச் சுப்பிரமணிய ஐயர்? இருவருமே போயிருந்தார்கள். ஜி. சுப்பிரமணிய ஐயர் பத்திரிகையாளர், 'இந்து'வையும் 'சுதேசமித்திரன்' இதழையும் தொடங்கியவர், அந்த மாநாட்டின் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். எஸ். சுப்பிரமணிய ஐயர் வக்கீல், பின்னால் உயர்நீதிமன்ற நீதிபதி, 'மணி ஐயர்' என்று அறியப்பட்டவர், 'சர்' பட்டம் பெற்றுப் பின்னர் அதைத் துறந்தவர். பேனா பிடித்தவரா, வழக்காடியவரா என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

மன்றோக்களும் இப்படித்தான். 1780-இல் ஹைதர் அலியுடன் நடந்த போரில் இரண்டு மன்றோக்கள் சென்னைப் படையில் இருந்தார்கள். ஒருவர் தளபதி ஹெக்டர் மன்றோ, பக்ஸார் போரை வென்றவர். மற்றவர் அந்த ஆண்டுதான் கப்பலில் வந்து இறங்கிய இளைஞர் தாமஸ் மன்றோ. 1792-இல் சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனி வசம் வந்தபோது அலெக்ஸாண்டர் ரீடின் உதவியாளராக இங்கே வந்து 1799 வரை நிலவரி வேலை பார்த்தவர் தாமஸ். உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்வாரி முறையோடு சேர்த்துப் பேசப்படுபவர், சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் இருப்பவர் எல்லாம் இவரே. கொல்லத்துக்குப் பக்கத்தில் உள்ள மன்றோத்துருத்து இவர் பெயரால் வந்ததல்ல. அது திருவிதாங்கூர் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த ஜான் மன்றோவின் பெயர்.

படி 6: பழங்காலம் என்றால் குலப்பெயரா என்று கேளுங்கள்

கல்வெட்டும் சங்கப் பாடலும் பிறந்த தேதி தருவதில்லை. அங்கே முதல் கேள்வி: இது ஒருவரின் பெயரா, ஒரு குலத்தின் பெயரா?

அதியமான் என்பது குலப்பெயர். ஔவைக்கு நெல்லிக்கனி தந்த தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி ஒருவர். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-இல் வெளிச்சத்துக்கு வந்த தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டில் இவர் பெயர் இருக்கிறது. நாமக்கல் குடைவரையை 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று கல்வெட்டு சொல்வது பல நூற்றாண்டு கழித்து வந்த அதியர் வழியினரால். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாளும் தன்னை அதியர் மரபினன் என்றே சொல்லிக்கொள்கிறான். முதலாமவருக்கும் இவனுக்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. 'அதியமான் கோயில் கட்டினான்' என்று மொட்டையாக எழுதினால் எந்த நூற்றாண்டு என்றே தெரியாது. தாரமங்கலத்துச் சிற்றரசர்களான கெட்டி முதலிகளுக்கும் இதே விதி.

ஔவையாரை எடுத்துக்கொள்ளுங்கள். சங்க ஔவை பாடியவை 59 பாடல்கள். அவற்றில் அதியமானோடு கள்ளைப் பகிர்ந்து உண்ட நாட்களை நினைத்து அழும் கையறுநிலைப் பாடல் ஒன்று. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். பாடலின் நடை, அதில் பேசப்படும் அரசர், கூட வரும் புலவர் ஆகியவற்றை வைத்தே பிரிக்க வேண்டும். சேலத்துப் பள்ளி மேடைகளில் நெல்லிக்கனி வாங்கும் ஔவைப்பாட்டி அடுத்த வரியிலேயே 'அறம் செய விரும்பு' என்கிறாள். நாடகத்துக்கு அது அழகு, கட்டுரைக்கு ஆகாது.

கொல்லிமலை ஓரியைப் பற்றித் தேடுகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு இருங்கள். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனை எதிர்த்த மலையமான் காரியின் குதிரைக்குக் காரி. 'காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரி' என்று சிறுபாணாற்றுப்படை ஒரே மூச்சில் நால்வரையும் சொல்லிவிடுகிறது. எனக்கு மிகப் பிடித்த வரி அது.

படி 7: ஒருவரே இருவராகத் தெரிகிறாரா என்றும் பாருங்கள்

சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்த கலெக்டரை மாவட்ட ஏடுகள் எம்.டி. காக்பர்ன் என்கின்றன, சுற்றுலாக் கட்டுரைகள் டேவிட் காக்பர்ன் என்கின்றன. இருவரா? பதவியைப் பாருங்கள்: 1820-களில் சேலம் கலெக்டர். ஒரு நாற்காலியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். ஆகவே ஆள் ஒருவரே. எழுதும்போது பழைய ஏட்டின் இனிஷியலைப் பின்பற்றுவது பாதுகாப்பு.

ஏற்காட்டில் கடைசிக் காலத்தைக் கழித்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர். கடைசிப் பெயரை விட்டுவிட்டுத் தேடினால் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸும், 1823-இல் அசாம் தேயிலையைப் பற்றி வெளியுலகுக்குச் சொன்ன ராபர்ட் புரூஸும் வந்து நிற்பார்கள். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் கல்லில் உள்ள பெயரையும் ஆண்டையும் எழுத்துப் பிசகாமல் எழுதி வாருங்கள். வெயில் சாய்ந்த நேரத்தில் பக்கவாட்டு ஒளியில் எழுத்து தெளிவாகத் தெரியும்.

படி 8: எங்கே சரிபார்ப்பது

லெ ஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் 1918-இல் வெளியிட்ட கெஸட்டியர் இரண்டும் அடிப்படை. இவற்றை இன்னொரு விதத்திலும் பயன்படுத்தலாம்: 1883 நூலில் வந்த ராமசாமி முதலியார் 1887-இல் பிறந்தவராக இருக்க முடியாது. நூல் வெளிவந்த ஆண்டே ஒரு வேலி. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பழைய இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா நூலகம், அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். வாழ்ந்த காலத்தில் எழுதப்பட்டதற்கு முதலிடம் கொடுங்கள். நினைவு மலருக்கு அடுத்த இடம். ஒன்றையொன்று நகல் எடுத்த இணையப் பக்கங்கள் பத்து இருந்தாலும் ஒன்றாகவே கணக்கு வையுங்கள்.

படத்தை எடுக்கும்போது இன்னும் கறாராக இருங்கள். தலைப்பாகையும் மீசையும் ஒரு தலைமுறைக்கே பொது. முகச் சாயலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

படி 9: எழுதும்போது

முதல் முறை பெயர் வரும் இடத்தில் ஊர் அடைமொழி, முழுப் பெயர், வாழ்நாள், தொழில் நான்கையும் சேர்த்து எழுதுங்கள்: 'சேலம் ராமசாமி முதலியார், 1852 முதல் 1892 வரை வாழ்ந்த வக்கீல்'. அடுத்த வரியிலேயே 'ஆற்காடு ராமசாமி முதலியார் வேறு' என்று ஒரு குறிப்பு. படத்துக்குக் கீழும் அதே முழுப்பெயர். அதன் பிறகு சுருக்கமாக எழுதலாம்.

தீராத பெயர்களும் இருக்கும். கோயில் கல்லில் வெறும் 'சுப்பராயன் உபயம்' என்று மட்டும் இருக்கும்; ஆண்டு இருக்காது. அங்கே உள்ளதை உள்ளபடி எழுதி, 'எந்தச் சுப்பராயன் என்று தெரியவில்லை' என்று சேர்த்துவிடுங்கள். புகழ்பெற்றவருக்கு அதை மாட்டிவிட்டால், உண்மையில் பணம் கொடுத்த அந்த ஊர்க்காரரைத் தேட அதன் பிறகு யாருக்கும் தோன்றாது.